கடற்கரை வாணிபத்தில் கணக்கும் கடிதமும்

திருமறையின் வசனங்களுள் மிக நீண்டது எது என்று வினவினால் நம்மில் பலர் சற்றே தயங்குவர். ஆயத்துல் குர்ஸியை நினைப்போரும் உண்டு. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனமே அது. 'ஆயத்துத் தைன்', அதாவது கடன் பற்றிய வசனம் என்று உலமாப் பெருமக்கள் அதைக் குறிப்பிடுவர். தவணை குறித்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதி தவறாது எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதுவதில் சலிப்படையலாகாது, கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்தை எழுதாமல் விட்டால் குற்றமில்லை. இவை அவ்வசனத்தின் கருத்துகள். இவற்றோடு இன்னொரு கட்டளையும் அதில் உள்ளது. எழுதவேண்டிய வாசகத்தைச் சொல்பவர் யார்? பணம் கொடுத்தவரல்லர், கடன்பட்டவரே சொல்ல வேண்டும். அவர் சொல்ல இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும். இந்த இடத்தை நாம் விரைந்து ஓதிக் கடந்துவிடுகிறோம்.

கொடுத்தவர் கை மேலோங்கியிருப்பது உலக இயல்பு. வாசகத்தையும் அவரே சொல்வாராயின் வாங்கியவருக்குப் புகலிடம் ஏது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாம்பன் கடற்கரையின் வாணிப வரலாற்றைப் பார்க்க விழைகிறோம். கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று நீளும் இக்கரையில் நம் சமூகத்தார் மரக்கலம் ஓட்டினர், சங்குக்கும் முத்துக்கும் கடலில் மூழ்கினர், விலை பேசினர். விற்பவர் ஓர் ஊரில் இருக்க, வாங்குபவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தார். இருவரையும் இணைத்தது எழுத்து. கடிதமாகவும் உண்டியலாகவும் தந்தியாகவும் சென்ற அவ்வெழுத்து, இன்று மின்னணுத் தரவாகக் கணப்பொழுதில் கடல் கடக்கிறது.

முதலில் சங்கை எடுத்துக்கொள்வோம். முத்துச் சலாபம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்க்கும் விழா. சங்கு குளித்தலோ ஆண்டுதோறும் அடுப்பெரிய வைத்த தொழில். இக்கரையில் எடுத்த சங்கின் பெரும்பகுதி சென்றது வங்கத்திற்கு. அங்கே மணமான இந்துப் பெண்கள் சங்கு வளை அணிவது இன்றியமையாத வழக்கம். அவ்வளைகளை அறுத்துச் செய்யும் சங்காரிகள் டாக்கா நகரில் தமக்கென ஒரு தெருவே கொண்டிருந்தனர். 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட போர்ச்சுகீசிய மருத்துவர் கார்சியா ட ஓர்த்தா, இச்சங்கு வங்கத்துக்குப் போவதைக் குறித்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு வணிகர் தவேர்னியே, டாக்கா முதலிய இடங்களில் வளைத் தொழிலில் ஈடுபட்டோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்று எழுதினார். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் சங்கைப் பற்றியே ஒரு தனி நூல் வெளியிட்டார். கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட பழஞ்சங்குத் துண்டுகளை அவர் கண்டெடுத்தார். ஒரு காலத்தில் வளை அறுக்கும் தொழிலும் இங்கேயே இருந்தது என்பதற்கு அவை சான்று. பின்னர் தொழில் வங்கத்திலேயே நிலைகொண்டது; சங்கு மட்டுமே நம் பங்காயிற்று.

இராமநாதபுரம் சமஸ்தானக் கடலில் சங்கு குளிக்கும் உரிமையைக் கீழக்கரை வணிகர்கள் குத்தகைக்கு எடுப்பது நெடுநாளைய வழக்கம். மூழ்கியவர்களும் பெரும்பாலும் நம்மவரே. மன்னார் வளைகுடாப் பக்கத்துச் சங்கு 'ஜாதி' எனவும், பாக்கு நீரிணைப் பக்கத்துச் சங்கு 'பட்டி' எனவும் சந்தையில் பெயர் பெற்றன. இந்த இரு சொற்களின் அருமையை நாம் உணர வேண்டும். கல்கத்தாவில் அமர்ந்திருந்த வணிகர் சரக்கைக் கண்ணால் காணுமுன்பே 'ஜாதி' என்ற ஒரு சொல்லில் அதன் வடிவையும் தரத்தையும் அறிந்துகொண்டார். அளவைக் காட்ட வேறொரு வழி இருந்தது. தூத்துக்குடி அரசாங்கச் சங்குத் துறையில் துளையுள்ள ஓர் அளவுகருவி வைத்திருந்தனர். அத்துளையில் நுழைந்து விழும் சிறு சங்குகள் விலைக்கு ஆகா. அவற்றை உயிருடன் கடலுக்கே திருப்பிவிடுவர். மூழ்கியவன் எத்தனை வாதாடினாலும் பயனில்லை. துளை சொன்னதே தீர்ப்பு. சங்கினத்தைக் காக்க அது நல்ல ஏற்பாடு என்பதில் நமக்கு ஐயமில்லை. அந்தத் துளையின் விட்டத்தைக் குறித்தவர் குளிகாரர் அல்லர் என்பதையும் இங்கே குறித்துக்கொள்கிறோம்.

இக்கரையின் வணிகர் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் வள்ளல் சீதக்காதி. கிழவன் சேதுபதி காலத்தவர். கீழக்கரையின் செய்கு அப்துல் காதிர் மரைக்காயர். உமறுப்புலவரையும் படிக்காசுப் புலவரையும் ஆதரித்தவர். செத்தும் கொடுத்தார் என்று நாடு இன்றும் சொல்கிறது. ஆனால் அவருடைய வாணிபத்தைப் பற்றிய செய்தி வேண்டுமானால் நாம் டச்சுக் கம்பெனியின் ஏடுகளை நாட வேண்டியிருக்கிறது. 1658இல் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர், முத்தையும் சங்கையும் தம் பிடியில் வைக்க முயன்றனர். அதற்குத் தடையாக நின்ற வணிகராக 'பெரிய தம்பி' என்ற பெயர் அவர்களுடைய கடிதங்களில் பலமுறை வருகிறது. சேதுபதியிடம் அவருக்கிருந்த செல்வாக்கு அவர்களை எரிச்சலூட்டியது. அப்பெயர் சீதக்காதி ஒருவரையே குறித்ததா, அக்குடும்பத்தார் பலரையும் குறித்ததா என்று ஆராய்ச்சியாளர் விவாதிக்கின்றனர். விவாதம் எழக் காரணம் என்ன? எதிர்த் தரப்பின் எழுத்தர் எழுதியது காப்பகத்தில் கிடக்கிறது. நம் வள்ளலின் கணக்கேடுகள் நம்மிடம் இல்லை. புலவர் பாடிய கொடை நமக்குத் தெரியும். அந்தக் கொடைக்குப் பொருள் வந்த வழியைக் கம்பெனிக் குமாஸ்தாவின் புகாரிலிருந்தே அறிகிறோம்.

நம் முன்னோர் எழுதாமல் இருந்தனர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இக்கரையில் மார்க்க நூல்களுக்கு மட்டும் பயன்பட்டதன்று. கீழக்கரையில் அரூசிய்யா மதரஸாவை நடத்திய இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் நூல்கள் இலங்கை வரை பரவியதற்கு, அங்கும் அதே எழுத்தைப் படிப்போர் இருந்ததே காரணம். காயல்பட்டினத்தில் எழுதிய கடிதத்தைப் பேருவளையில் பிரித்துப் படிக்கலாம். குடும்பச் செய்தியும் சரக்குச் செய்தியும் ஒரே தாளில் செல்லும். பிள்ளைக்கு ஓதல் தொடங்கிய செய்திக்கு அடுத்த வரியில் அரிசி விலை இருக்கும். இதே நிலையைக் கடலின் மறுகோடியிலும் காண்கிறோம். கெய்ரோ நகரின் பழைய யூதத் தொழுகையிடம் ஒன்றில் கிடைத்த ஆயிரக்கணக்கான தாள்களுள், 12ஆம் நூற்றாண்டில் ஏடனுக்கும் மலபாருக்கும் இடையே சென்ற வணிகக் கடிதங்களும் உள்ளன. அவற்றை எழுதிய யூத வணிகர்கள் அரபு மொழியை எபிரேய எழுத்தில் எழுதினர். கப்பல் மூழ்கினால் செய்தி மூழ்கக் கூடாது என்று ஒரே கடிதத்தைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். மங்களூரில் 1130களிலும் 1140களிலும் வாழ்ந்த ஆபிரகாம் பென் யீஜு என்பவரின் கடிதங்களில் மிளகு, இரும்பு, செம்புப் பாத்திரம் ஆகியவற்றோடு காகிதம் அனுப்பச் சொல்லும் வேண்டுகோளும் வருகிறது. மொழி ஒருவருடையது, எழுத்து மற்றொருவருடையது. ஆயினும் இருமுனையிலும் உள்ளவர் ஒரே முறையில் படித்தனர். வாணிபத்துக்கு வேண்டியது அதுவே.

பணம் பயணம் செய்தது உண்டியலில். பார்த்தவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டி, நாள் கடந்து தரவேண்டிய தவணை உண்டி என அதில் வகைகள் இருந்தன. அரபு நாடுகளில் சுஃப்தஜா, ஹவாலா என்று வழங்கியவை இதற்கு உறவு முறையின. 1881இல் வெள்ளையர் அரசு செலாவணிப் பத்திரங்களுக்குச் சட்டம் இயற்றியபோது, கீழை மொழிகளில் எழுதிய பத்திரங்களுக்கு அந்தந்த ஊர் வழக்கமே செல்லும் என்று முதற் பிரிவிலேயே விலக்களித்தது. ஊர் வழக்கின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்தது கம்பி. 1858இல் இலங்கை, இந்தியத் தந்தியுடன் இணைந்தது. அக்கம்பி நம் பாம்பன் கடலைத் தாண்டியே சென்றது. தந்திக்குச் சொல்லுக்குச் சொல் கட்டணம். ஆதலின் பெரிய வணிக இல்லங்கள் குறிச்சொற் புத்தகங்களை வாங்கின. 1873இல் வெளிவந்த 'ஏ.பி.சி.' குறிநூல் அவற்றுள் புகழ்பெற்றது. ஒரு முழு வாக்கியத்துக்கு ஒரு சொல். அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே நூலை வைத்திருந்தால் போதும். நூல் இல்லாத சிறு வணிகருக்குத் தந்தியும் மெல்ல எட்டாப் பொருளாயிற்று. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அவ்வாண்டே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்க, சென்னைக் கடிதமும் கொழும்புக் கடிதமும் 'போட் மெயில்' ஏறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டபோது, ஓடும் வண்டியிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி வீடுவீடாய்க் கொடுத்த சிறுவரை நாடறியும்; பின்னாளில் அவர் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஆனார். 1964 டிசம்பர் 22, 23 நாள்களின் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாலத்தின் கண்கள் பலவும் சரிந்தன. 46 நாள்களில் பாலத்தை மீட்டனர். துறைமுகத்தை மீட்கவில்லை. இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1984இல் நின்றது. தந்திப் பணியை 2013 ஜூலையில் இந்திய அரசு முடித்துக்கொண்டது.

அப்படியாயின் இன்று வாங்குபவரும் விற்பவரும் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர்? 'மின்னணுத் தரவுப் பரிமாற்றம்' என்று ஒரு முறை உள்ளது. பெயர் அச்சுறுத்தினாலும் பொருள் எளிது. கொள்முதல் உத்தரவு, சரக்குப் பட்டியல், இன்வாய்ஸ் ஆகியவற்றை மனிதர் படிக்கும் கடிதமாக எழுதாமல், கட்டம் கட்டமாகப் பிரித்து, இன்ன கட்டத்தில் இன்ன செய்தி என்று முன்னரே உடன்பட்ட வடிவில் ஒரு கணிப்பொறி மற்றொன்றுக்கு நேரே அனுப்புவது. 1948-49இல் பெர்லின் நகரை ரஷ்யர் முற்றுகையிட்டபோது வானூர்தியில் உணவும் நிலக்கரியும் கொண்டுசென்ற அமெரிக்கப் படையினருக்குச் சரக்குப் பட்டியல்களே பெருந்தலைவலியாயின. எட்வர்ட் கில்பர்ட் என்ற அதிகாரி எல்லாப் பட்டியல்களுக்கும் ஒரே வடிவம் வகுத்துத் தொலையச்சில் அனுப்பச் செய்தார். அதுவே இதன் தொடக்கம். 1979இல் அமெரிக்காவில் 'எக்ஸ்12' என்ற தரத்தை வகுக்கும் குழு அமைந்தது. 1987இல் ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் 'எடிஃபாக்ட்' என்ற உலகத் தரம் ஏற்கப்பட்டது. பழைய குறிச்சொற் புத்தகத்தின் பேரப்பிள்ளைகள் இவை எனலாம்.

இவற்றால் விளைந்த நன்மைகள் மறுக்க முடியாதவை. தட்டெழுத்துப் பிழை குறைந்தது. நாள்கணக்கில் காத்திருந்த பட்டியல் நொடியில் வந்தது. ஆயினும் இது பரவிய விதத்தை நோக்க வேண்டும். மோட்டார் தொழிற்சாலைகளும் பெரும் அங்காடிகளும், இம்முறையில் இணையாதவரிடம் சரக்கு வாங்கமாட்டோம் என்று தமக்குப் பொருள் தருவோரிடம் கண்டிப்பாய்க் கூறின. செலவு சிறியவன் தலையில். கட்டத்தின் வடிவத்தை வகுத்தவர் பெரியவர். அமெரிக்காவின் வால்மார்ட் 1991இல் தொடங்கிய 'ரீட்டெய்ல் லிங்க்' ஏற்பாட்டில், விற்பனைக் கணக்கைப் பொருள் தருவோரும் பார்க்கலாம் என்ற வசதி இருந்தது. அது நல்ல மாற்றமே. விற்பவன் இருட்டில் நிற்கவேண்டியதில்லை. இருப்பினும் எதைக் காட்டுவது, எதைக் காட்டாமலிருப்பது என்பது வாங்குபவரின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று.

இந்தியாவில் சுங்கத் துறை 1990களில் இம்முறையில் இறங்கியது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்துக்கும் மின்னணுக் கையொப்பத்துக்கும் சட்ட மதிப்பு அளித்தது. 2020 அக்டோபர் முதல் ஜி.எஸ்.டி. முறையில் பெரு நிறுவனங்கள் தம் இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறவேண்டியதாயிற்று. வரம்பு படிப்படியாய்த் தாழ்ந்து, 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியோர் அனைவரும் இதற்குள் வந்தனர்.

இனி பாம்பனுக்கே திரும்புவோம். இங்கே இறங்கும் இறாலும் கணவாயும் நீலக்கால் நண்டும் கம்பெனிகளின் வழியே அயல்நாடு செல்கின்றன. கிலோவுக்கு எத்தனை இறால் என்ற 'கவுண்ட்' கணக்கே விலையை நிர்ணயிக்கிறது; ஹார்னெல் காலத்துத் துளைக்கு இன்றைய வாரிசு அது. படகுக்காரர் பலர் வியாபாரியிடம் முன்பணம் பெற்றிருக்கின்றனர். எஞ்சின் வாங்க, வலை மாற்ற, கடலுக்குப் போகாத மாதங்களில் குடும்பம் நடத்த அந்தப் பணம் வேண்டும். முன்பணம் வாங்கிய படகு அந்த வியாபாரிக்கே மீன் போட வேண்டும். விலை கரையில் அவர் சொல்வது.

முன்பணமே தீது என்று சொல்ல நாம் துணியவில்லை. மதீனாவில் பேரீச்சைக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுக்கும் வழக்கத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். 'ஸலம்' என்ற பெயரில் ஃபிக்ஹு நூல்கள் இதை விரித்துரைக்கின்றன. அதில் விலை முன்னரே பேசி முழுதும் கொடுக்கப்படுகிறது. பாம்பனில் பெறுவதோ கடன், விலை பேசப்படுவதில்லை. கடனைக் காரணங்காட்டிச் சந்தை விலைக்குக் கீழே சரக்கைப் பெறுவது எந்த வாயிலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பதை ஆலிம்களிடமே கேட்டறிக.

பாரசீக வளைகுடாவின் குளிகாரர் கதை இங்கே ஒப்பிடத்தக்கது. அங்கும் முத்துக் குளிப்போர் நகுதாக்களிடம் முன்பணம் பெற்றுத் தலைமுறைக் கடனில் அழுந்தினர். 1920களில் பஹ்ரைனில் சீர்திருத்தம் செய்தபோது, ஒவ்வொரு குளிகாரருக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்று விதித்தனர். நகுதாவின் ஏட்டில் மட்டும் இருந்த கணக்கு குளிகாரன் கைக்கும் வந்தது. அதே சீர்திருத்தத்தில் முன்பணத் தொகைக்கு வரம்பு கட்டினர். 1932இல் குளிகாரரே அதனை எதிர்த்துக் கலகம் செய்தனர். பசித்த வீட்டுக்கு முன்பணம் குறைந்ததே பெரிதாய்ப் பட்டது. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

கைப்பேசி வந்தபின் நிலை மாறாதா என்று கேட்கலாம். வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவிய காலத்து மத்திச் சந்தைகளை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன், 2007இல் தம் முடிவை வெளியிட்டார். கடலிலிருந்தே பல கரைகளின் விலையைக் கேட்டுப் படகைத் திருப்பியதால் மீனவர் இலாபம் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது. இரு தரப்புக்கும் நலம். ஆனால் விலை தெரிந்தால் மட்டும் போதாது. படகைத் திருப்பும் உரிமையும் வேண்டும். முன்பணத்தால் கட்டுண்டவர் மண்டபத்து விலையைக் கைப்பேசியில் கேட்டறிந்தும் பாம்பன் வியாபாரியிடமே இறக்க வேண்டும். 2016 முதல் பாம்பனில் ஒலிக்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவர்க்கு வேண்டிய செய்திகளைச் சொல்லிவருகிறது; அதன் பணி பாராட்டுக்குரியது. கடன் முடிச்சை அவிழ்ப்பது வானொலியின் வேலை அன்று.

இதற்கிடையே கடலுக்கு அப்பாலுள்ள வாங்குவோரின் கேள்விகள் கூடிவிட்டன. 2010 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்துள் நுழையும் கடல் மீனுக்குப் பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். நம் நாட்டில் கடற்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அதனைச் சரிபார்த்து அளிக்கிறது. 2018 இறுதி முதல் அமெரிக்காவில் இறால் இறக்குமதி செய்வோர், அது எங்கே எவ்வாறு கிடைத்தது என்ற தரவை மின்னணு முறையில் அரசுக்குத் தரவேண்டும். திருட்டு மீன்பிடிப்பைத் தடுக்கும் இந்த நோக்கம் நியாயமானது. கம்பெனியிலிருந்து துறைமுகம், சுங்கம், அயல்நாட்டுக் கிடங்கு வரை இன்று எல்லாம் மின்னெழுத்தில் செல்கின்றன. புதிய மீனுக்கு ஜி.எஸ்.டி. இல்லையாதலின், கரையில் படகுக்காரருக்கும் வியாபாரிக்கும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் அந்தச் சங்கிலிக்குள் வருவதில்லை. அங்கே வியாபாரியின் நோட்டும் ஒரு துண்டுச் சீட்டுமே சாட்சி. எனினும் அயல்நாட்டார் கேட்கும் தரவின் முதல் வரி அந்தப் படகிலிருந்தே தொடங்குகிறது. சான்றிதழில் படகின் பெயர் உண்டு. பதிவு எண் உண்டு. பிடித்த கடற்பகுதியும் நாளும் எடையும் உண்டு. கொடுத்த விலைக்கும் நிற்கும் முன்பணத்துக்கும் அதில் கட்டம் இல்லை.